வேலூர்: பதிவில்லை

மழையை மில்லிமீட்டரில் எழுதிவைக்கும்
நூற்று நாற்பது பேரின் கணக்கு
சத்துவாச்சாரியில், ஜெராக்ஸ் கடை மாடியில்,
ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இருக்கிறது.
மே மாதம் முழுக்க அவர்களுடைய மழை
நாற்பத்து மூன்று டிகிரியில் குடியிருக்கும்.

பெட்டி, ராணிப்பேட்டைத் தோல் கம்பெனி கழித்துவிட்டது.
பக்கவாட்டில் இன்னும் அவர்களுடைய சொத்து எண்.
திறந்தால் லேசாகத் தோல் வாடை.
யு.பி.எஸ். ஒரு கல்யாண மண்டபத்தினுடையது;
கரண்ட் போனால் கெட்டிமேளம் கேட்டது போல
அவசரமாய்க் கூவும்.
டிஸ்க் இரண்டும் ஆரணியிலிருந்து
பட்டுப்புடவை அட்டைப்பெட்டியில் பஸ்ஸில் வந்தன,
கண்டக்டருக்கு நாற்பது ரூபாய்.

சும்மா வந்ததற்குக் கேட்பாரில்லை என்பார்கள்.
கேட்கிறார்கள்.
"நான் குடுத்த ரேம் ஓடுதா?"
குடியாத்தம் மங்கையர்க்கரசி மாதம் ஒருமுறை,
கட்டிக்கொடுத்த பெண்ணை விசாரிக்கும் குரலில்.
ஓடுது, என்கிறேன்.
அது நின்று ஒன்பது மாதம்.
இழுப்பறையில், அவர் அனுப்பிய உறைக்குள்ளேயே கிடக்கிறது.

கோடுபோட்ட நோட்டில் மூன்று பத்தி:
யார் தந்தது, எப்போது வந்தது, எப்போது நின்றது.
மூன்றாவதை மட்டும் பென்சிலில் எழுதுவேன்.
சில சமயம் தட்டினால் எழுந்துவிடும்.

ஞாயிறு தூசு நாள்.
சம்பளம் இல்லை, பஜ்ஜி உண்டு.
இக்ராம் விசிறிகளைக் கழற்றிப் பையில் போட்டு
காட்பாடி ரோடு பஞ்சர் கடைக்குப் போவான்.
கடைக்காரர் காற்றால் ஊதித் தருவார்,
ஒரு டியூபுக்கு உள்ள காசுதான் வாங்குவார்.
நான் ரேமின் தங்கப் பற்களைப்
பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்துக்கொண்டிருப்பேன்.
ஒருமுறை பவர் சப்ளைக்குள் இரண்டு பல்லி முட்டை.
அவை பொரியட்டும் என்று ஒரு வாரம் பொறுத்தோமா?
இல்லை. மழைக்காலம் தொடங்கியிருந்தது.

ஐப்பசிக் கடைசியில் கடலில் ஒரு சுழி.
ராத்திரி பதினொன்றுக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே வந்தார்கள்.
வந்தவாசி அறுபத்திரண்டு.
போளூர் எழுபதைத் தாண்டியது.
ஆம்பூரில் மானி நிரம்பி, ஊற்றிவிட்டு மறுபடி வைத்தார்களாம்.
கலவையிலிருந்து தனகோட்டி,
டார்ச்சை வாயில் கவ்வியபடி அளவு பார்த்ததாக எழுதினார்,
எண்ணை எழுத மறந்துவிட்டார்.
பெட்டி எண்பத்தாறு டிகிரி.
விசிறி கத்துகிறது.
அப்போதுதான் கூரை ஒழுகியது,
ஆணி ஓட்டை வழியாக, நூல் பிடித்தாற்போல்,
சொத்து எண்ணின் மேல்.

நகர்த்தலாம், வயர் எட்டாது.
நிறுத்தலாம்; நிறுத்தினால் இது மறுபடி எழுந்திருக்கும் என்று
தோல் கம்பெனிக்காரன்கூட எழுதித் தரமாட்டான்.
இக்ராம் குடையைப் பிடித்தான்.
நான் குண்டானை ஏந்தினேன்.
கை வலிக்கும்போது மாற்றிக்கொண்டோம்.
குடை குண்டான், குண்டான் குடை.
நனையும் ஊர்களெல்லாம் திரையில் ஏறிக்கொண்டே இருந்தன,
ஒன்றுக்கும் பதில் எழுதக் கையில்லை.

காலை எட்டரைக்குக் கணக்கு முடித்தோம்.
நூற்று முப்பத்தொன்பது ஊர் வந்திருந்தது.
எங்கள் மழைமானி
தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கவிழ்ந்து கிடந்தது,
புனலைக் காணோம்.
ராத்திரி முழுக்க அதை யாரும் நினைக்கவேயில்லை.

குண்டான்ல இருக்கறத அளந்து போடலாமா, என்றான் இக்ராம்.
பாதி விளையாட்டு, பாதி தூக்கம்.
அது ஒரு ஆணி ஓட்டையின் மழை.
எழுதினேன்: வேலூர், பதிவில்லை.

ஐந்து நிமிடத்தில் குடியாத்தத்திலிருந்து:
"உங்க ஊர்ல மட்டும் மழையே இல்லயா?
அது சரி, நான் குடுத்த ரேம் ஓடுதா?"

ஓடுது.
தட்டிவிட்டு, குண்டானைத் தூக்கிப்போய்
தெருவில் ஓடுகிற தண்ணீரோடு கொட்டினேன்.
சட்டையைப் பிழிந்தேன்.
கூரைக்குத் தார் வாங்க வேண்டும்.
நோட்டைத் திறந்து முதல் பத்தியைப் பார்த்தேன்,
இனி யாரைக் கேட்பது என்று.